பதினொன்று முப்பத்து மூன்று

“இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கு, வெண்டெல். காம்பஸைப் பார்த்தது போதும், காலை எடுத்து வை.”

பின்னாலிருந்து மனைவி லொரீன் விரட்டினாள். வெண்டெல் பாதையே இல்லாத சரிவில், நெருக்கமான ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே, பனிச்செருப்பால் மிதித்து மிதித்து வழி போட்டுக்கொண்டிருந்தார்.

நியூயார்க்கின் வடக்கு மலைகளில் முப்பத்தொன்பது சிகரங்களையும் குளிர்காலத்தில் ஏறி முடித்தால் அவர்களுடைய கிளப்பில் சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு துணிப் பட்டை தருவார்கள். வெண்டெல் முப்பத்தெட்டு முடித்துவிட்டார். இன்று மார்ச் இருபது. காலண்டர் கணக்கில் காலை பதினொன்று முப்பத்து மூன்றுக்கு வசந்தம் பிறக்கிறது. அதற்கப்புறம் இடுப்பளவு பனி கிடந்தாலும் கணக்கில் சேராது. கிறுக்குத்தனமான விதிதான், ஆனால் வெண்டெலுக்கு அது வேதம். ஒரு டிசம்பரில் குளிர்காலம் பிறக்க நாற்பது நிமிடம் இருக்கையிலேயே உச்சியைத் தொட்டுவிட்டார். யாரும் கேட்காமலே அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, மறுவாரம் திரும்பவும் ஏறினார்.

லொரீனுக்குப் பட்டை ஒரு பொருட்டே இல்லை. முட்டிவலிக்காரி. பதினோரு வருடமாக ஃப்ளோரிடா, ஃப்ளோரிடா என்று அரித்துக்கொண்டிருந்தாள். பட்டியல் முடிந்ததும் வீட்டை விற்றுவிட்டு, பனியே இல்லாத அந்த ஊருக்குப் போய்விடலாம் என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

வழியில் மரத்தடிப் பள்ளம் ஒன்றில் இடுப்புவரை புதைந்து போனார். வேணும்னே விழுந்தியா என்று திட்டிக்கொண்டே அவள்தான் தோண்டி எடுத்தாள். அவருடைய போன் குளிரில் செத்துக் கிடந்தது. கைக்கடிகாரம் காம்பஸ் முள்ளை இழுக்கும் என்று அவர் கட்டுவதே இல்லை. மணி பார்ப்பதெல்லாம் லொரீன்தான்.

கடைசியில் மரங்கள் குட்டையாகி, உச்சி தெரிந்தது. பெயர் எழுதும் நோட்டு இருக்கும் டப்பா ஒரு மரத்தில் தொங்கியது. இன்னும் இருபது அடி.

வெண்டெல் நின்றுவிட்டார். குனிந்து செருப்பு வாரை இறுக்கினார். அது தளரவே இல்லை. அடுத்த செருப்பையும் இறுக்கினார். பிறகு திரும்பி, தூரத்தில் தெரிந்த சிகரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருந்துச்சு, இல்ல?” என்றார்.

லொரீன் அவர் முகத்தைப் பார்த்தாள். கையுறையை விலக்கி மணி பார்த்தாள்.

“போச்சு. அஞ்சு நிமிஷம் தாண்டிடுச்சு.”

“நெசமாவா?”

“பொய் சொல்லி எனக்கென்ன லாபம்? ஃப்ளோரிடாவுக்குப் பறக்கறவ நான்தானே.”

வெண்டெல் உச்சிக்குப் போய் நோட்டில் பெயரையும் அவள் சொன்ன மணியையும் எழுதி, பக்கத்தில் ‘செல்லாது’ என்று போட்டார். அடுத்த குளிர்காலத்தில் திரும்ப வர வேண்டியிருக்குமே என்று வருத்தமாகச் சொல்லப் பார்த்தார். குரல்தான் ஒத்துழைக்கவில்லை.

அவர் விசிலடித்துக்கொண்டு முன்னால் இறங்க, பின்னால் போன லொரீனின் கடிகாரத்தில் வசந்தம் பிறக்க இன்னும் பன்னிரண்டு நிமிடம் பாக்கி இருந்தது.