நான்கு வெள்ளிக்கிழமைகள்

கடிகாரத்தைப் பார்த்துவிடாதே. நீ பார்த்தால் அவளும் பார்ப்பாள்.

எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கைக்கடிகாரத்தின் மேல் முந்தானையை இழுத்துவிட்டேன்.

எதிரே நின்ற ரீனாவுக்கு உதடு காய்ந்திருந்தது. ஜுன்னர் என்ற மராத்திச் சிற்றூரிலிருந்து வந்து, எங்கள் மகளிர் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிறவள். நான் அவளிடம் கேட்டது சாதாரணக் கேள்விதான். பதில் அவளே தன் ஆய்வேட்டில் எழுதியது.

இந்த வாய்மொழித் தேர்வில் தவறினால் விடுதி இடம் போய்விடும். ஊர் திரும்ப வேண்டியதுதான்.

பக்கத்தில் ரங்கராஜன், வெளியிலிருந்து வந்த தேர்வாளர். அவளுக்குப் புரியக் கூடாதென்று தமிழில் ஆரம்பித்தார்.

"வெளியில இன்னும் ஒன்பது பேர் நிக்கறாங்க மேடம். எங்க காலேஜா இருந்தா இதுக்குள்ள மூணு பேரை அனுப்பியிருப்பேன். நாம என்ன, பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்?"

சிரித்துவைத்தேன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம். எழுந்து நின்றவள் பேசும்வரை யாரும் அடியெடுத்துக் கொடுக்க மாட்டோம். இருமக்கூட மாட்டோம். எந்தச் சுற்றறிக்கையிலும் அது கிடையாது. பதினைந்து வருடம் முன்பு நான் இங்கே மாணவியாகச் சேர்ந்தபோதே இருந்தது.

அந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமைக் கருத்தரங்கில் என்னை எழுப்பினார்கள். நான் தேஹு ரோடு என்ற ஊர்க்காரி. அப்பாவுக்கு ராணுவக் கிடங்கில் வேலை. வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி. ஆங்கிலத்தில் வாய் திறந்ததே இல்லை.

இருபத்திரண்டு பேர் காத்திருந்தார்கள். மணி அடித்தது. அடுத்த வகுப்புப் பெண்கள் உள்ளே வந்தார்கள். செருப்பு ஓசைகூட எழுப்பாமல் தரையில் உட்கார்ந்து, அவர்களும் காத்திருந்தார்கள்.

அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. இப்போதும் பஸ்ஸில் என் வயதுப் பெண் யாராவது எதிரே உட்கார்ந்தால், அவர்களில் ஒருத்தியோ என்று கும்பிடத் தோன்றும்.

ரங்கராஜன் மதிப்பெண் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"சாந்தகுமாரி மேடம், நீங்க இங்கயே படிச்சவங்க. அன்னிக்கே வெளுத்து வாங்கியிருப்பீங்க. இவ பேச மாட்டா. ஜீரோ போட்டுடலாம். ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்."

அன்று நான் பேசவில்லை.

அடுத்த வெள்ளியும் இல்லை, அதற்கடுத்ததும். நான்காவது வெள்ளியும் வெறுமனே நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஐந்தாவது வெள்ளி, முதல் பெயராக என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன். ரீனாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஜரா... கொஞ்சம் இருங்க சார்."