முகமூடிக்காரன் சாவானா?

"முகமூடிக்காரன் படத்தோட ரெண்டாம் பாகத்துக்கு முன்னாடி எந்த காமிக்ஸைப் படிக்கணும்ணே?" என்றான் வந்தவன்.

காமிக்ஸ் கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சூப்பர்ஹீரோ படம் வருகிறதென்று யாராவது தும்மினால் போதும், இந்தக் கும்பல் கிளம்பிவிடும்.

"இது. காசைக் குடுத்துட்டுத் தொடு."

அதற்குள் அவன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டான். கடைக்காரர் வெடுக்கென்று பிடுங்கினார்.

"ஓசியில படிக்க என் கடைதான் கிடைச்சுதா?"

"முகமூடிக்காரன் உயிரோட இருக்கானா? அதை மட்டும் சொல்லுங்க. வீட்டுல இன்னைக்கே பதில் சொல்லணும்."

வாங்க மாட்டானாம், முடிவு மட்டும் வேண்டுமாம். இவன் படம் பார்க்கிற சுவாரஸ்யத்தைக் கெடுத்துவிட வேண்டியதுதான் என்று கடைக்காரர் கறுவினார்.

"பாதியிலயே செத்துடுவான். அப்புறம் முகமூடியை அவன் தங்கச்சி மாட்டிக்குவா. போதுமா? இனிமே போய் விசிலடி!"

வந்தவன் முகம் தொங்கிப்போனது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"பொம்மைக் கதைக்கு ஒப்பாரியா? எழுந்து போய்யா!"

அவன் செல்போனை எடுத்து மனைவியை அழைத்தான்.

"புது வீட்டுக்குச் சரின்னு சொல்லிடாதே. டைரக்டர் மூச்சே விடல, இங்க வந்துதான் தெரிஞ்சுது. அடுத்த படத்துல என்னைக் கொன்னுடுறாங்க."