காற்றில் போன சொல்
மழை விட்ட மாலை. பம்மல் பக்கம் மேகம் கிழிந்து பாய்கிற வெயிலில் விமான நிலையத்து டவரின் கண்ணாடியெல்லாம் தகதகக்கிறது. விமானிகளுக்கு வழிசொல்லும் மைக்கின் முன் கங்காதரன். வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர், இந்த ஓடுபாதைக்குப் புதியவர். அவர் முதுகை ஒட்டி நிற்கிறாள் பயிற்சியாளர் சரிதா, அவரைவிடப் பத்து வயது சின்னவள். அவர் வாய் தவறினால் அதே கணம் அவள் குறுக்கிட்டுப் பேச வேண்டும். அதற்கான சுவிட்ச் தரையில், அவள் வலது காலருகே இருக்கிறது; மிதித்தால் அவள் காதோடு மாட்டியிருக்கும் மைக் திறக்கும். இத்தனை வருஷமும் இப்படிக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கென்று தனியாக ஒரு காசு கிடையாது. குன்றத்தூர் பக்கமிருந்து ஒரு விமானம் விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கிவருகிறது. படியில் தடதடவென்று ஏறிவருகிறான் தனசேகர், அவனும் பயிற்சியாளன்தான். "அக்கா, டெல்லியிலேர்ந்து ஃபேக்ஸ் வந்துடுச்சு! கத்துக்குடுக்கிறதுக்குத் தனி அலவன்ஸ். எப்படிக் கத்துக்குடுக்கிறதுன்னு நமக்கும் ட்ரெய்னிங்காம்!" சரிதா திரும்பவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுகிறாள்: இரு. சக்கரங்கள் ஈரத்தைத் தொடுகின்றன, நீர் வெள்ளையாய்ச் சீறுகிறது. விமானம் ஓடுபாதையை விட்டு விலகிய பிறகுதான் "அப்பாடா!" என்று குதிக்கிறாள். குதித்த கால் சுவிட்சின் மேலேயே இறங்குகிறது. "ஒருவழியா குடுத்துட்டாங்கப்பா!" அந்தக் கூச்சல் நேரே விமானிக்குப் போய்விடுகிறது. பதறிக் காலை எடுக்கிறாள். என்ன சொன்னீர்கள் என்று ஸ்பீக்கரில் விமானி குழம்பிக் கேட்கிறார்: "டவர், சே அகெய்ன்?" சரிதா நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். கங்காதரன் அசரவில்லை. அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதை "டிஸ்ரிகார்ட்" என்று மைக்கில் ஒரே சொல்லில் முடித்துவிட்டு, சிரிப்பை அடக்கியபடி திரும்புகிறார். "மேடம், பாத்து வைங்க. இனிமே அது அலவன்ஸ் வாங்குற காலு."