முனைச் சுவரும் புது ஸ்டியரிங்கும்

ஜீப்பை வாங்க வந்தவர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது, லிஃப்ட்காரர் வண்டிக்கு அடியிலிருந்து காலை முன்னே விட்டு வெளியே வந்தார்.

முகத்தில் இரண்டே இடங்களில்தான் கிரீஸ் இல்லை. இரண்டும் கண்கள்.

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். மேலே, கீழே என்ற இரண்டு திசைகளோடு காலத்தை ஓட்டிவிட்ட மனிதர், இடது வலது சமாசாரத்தில் இறங்கியது இந்த இரண்டு மாதமாகத்தான்.

வேறு வழியில்லை. அரை நூற்றாண்டுப் பழைய ஜீப். அதன் ஸ்டியரிங்கை இன்று திருப்பினால் சக்கரம் நாளை யோசிக்கும், நாளன்றைக்குத் திரும்பும். பாதிச் சுற்று சும்மா ஆடும். மீதிப் பாதிக்கு மல்யுத்தம்.

“இனிமே இந்த வீட்ல அதை யாராலப்பா திருப்ப முடியும்?” என்று கேட்டாள் மகள். மருமகன் கேட்கவில்லை. வாங்க ஆளைப் பிடித்து, தேதியும் குறித்துவிட்டார்.

ஒரே ஒரு சலுகை கொடுத்தார். தெரு முனையில் ஒரு சுவர். முன்னும் பின்னுமாக நாலு தடவை போய்வராமல் அந்த ஜீப் அங்கே திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. இன்று ஒரே மூச்சில் திரும்பிவிட்டால் வண்டி வீட்டோடு. இல்லையென்றால் வந்தவரோடு.

“மாமா, இது லிஃப்ட் இல்ல. பட்டனை அமுக்கினா திரும்பிடாது.”

“லிஃப்ட்டையே தூக்குற எண்ணெய்க்கு ஜீப்பைத் திருப்பத் தெரியாதா மாப்பிள்ளை?”

நொறுங்கிப்போன வேன் ஒன்றிலிருந்து பவர் ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றி வந்தார். அதற்கு எண்ணெயை அழுத்தித் தள்ளும் பம்ப்பை எஞ்சினோடு பெல்ட் போட்டுக் கட்டினார். ஊரிலுள்ள ஸ்பேனர்களில் பாதி அவர் வீட்டில்தான் குடியிருந்தன. உப்பு டப்பாவில்கூட அவர் கைரேகை கறுப்பாகப் பதிந்திருந்தது.

அதற்கெல்லாம் மனைவி இரண்டு மாதத்தில் ஒரு வார்த்தை திட்டவில்லை. இப்போதும் இடது கையில் டீயோடு வாசற்படியில் சும்மாதான் நின்றிருந்தாள்.

ஆயிலில் கடைசிக் காற்றுக் குமிழியும் ஒழியும்வரை பார்த்திருந்து மூடியைத் திருகினார். எஞ்சின் உறுமியது. வந்தவர் சாவி வாங்க இப்போதே கையை நீட்டி வைத்திருந்தார்.

லிஃப்ட்காரர் ஓட்டும் இருக்கையைத் தன் சட்டையாலேயே துடைத்தார்.

பிறகு வண்டியைச் சுற்றி வந்து, மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார்.

மனைவி டீயை மருமகன் கையில் கொடுத்துவிட்டு ஸ்டியரிங்கின் முன் ஏறினாள். மலைமேல் மாடுகளுக்குப் பிரசவம் பார்க்க முப்பது வருடம் அந்த ஜீப்பை ஓட்டிய கால்நடை டாக்டர். போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது கை தோளுக்கு எழவில்லை.

“பிரேக் பிரேக்னு கத்தக் கூடாது, சொல்லிட்டேன்.”

முனை வந்தது.

அவள் வலது கையை உயர்த்தவே இல்லை. மடியோரம் இருந்தபடியே, ஸ்டியரிங் வளையத்தின் அடியில் இரண்டு விரலை வைத்துத் தள்ளினாள். யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் ஜீப் சட்டென்று திரும்பியது.

லிஃப்ட்காரர் வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்ததன் நினைவாகச் சுவரில் ஒரு தழும்பு உண்டு. அது ஒரு முழம் தள்ளி, மரியாதையாக ஒதுங்கிப் போனது.

அவருக்கு எதிரே ஓர் இரும்புக் கைப்பிடி. முப்பது வருடம் அவர் உயிரைக் கையில் பிடித்ததெல்லாம் அதில்தான். பெயிண்ட் போய்ப் பளபளத்துக் கிடந்தது. வண்டியையே கழற்றி மாட்டியவர் அதை மட்டும் தொடவில்லை.

இப்போது அதை விட்டார். இரண்டு கைகளையும் வெளியே நீட்டி மருமகனுக்கு டாட்டா காட்டினார்.