இரண்டாவது பட்டை

போர் நடக்கும் கெர்சோன் நகரில் குண்டுச் சத்தம் ஓய்ந்த காலை. அட்டை ஒட்டிய ஜன்னல் இடுக்கில் வெயில் நுழைகிறது. மின்கம்பி பழுதுபார்க்கப் போகும் ஓஸ்தாப், குறடு, ரொட்டி, கட்டுத்துணி வைத்த பையின் மேல் ரத்தம் நிறுத்தும் பட்டைகள் இரண்டைச் செருகுகிறான். அடிபட்டவருக்கு அவரவர் பட்டையைத்தான் கட்டுவது இங்கே முறை. "அதுல ஒண்ணு நான் தண்ணி எடுக்கப் போறப்ப கொண்டு போறதுல்ல?" என்கிறாள் மனைவி போஹ்தானா. "என்கூட வேலை பாக்குற யூர்கோ தன்னோட பட்டையை நேத்து ரோட்டுல கிடந்த ஒரு அம்மாவுக்குக் கட்டிட்டான். இன்னைக்குப் பட்டை இல்லாம வருவான்." "திருட்டுப் பூனை! கேட்டா குடுக்கமாட்டேனா?" போகிறவர் பத்திரமாகத் திரும்ப வேண்டி, கிளம்பும் முன் ஊர் வழக்கப்படி இருவரும் சற்று நேரம் உட்காருகிறார்கள். அவள் அவனுக்குச் சிலுவை அடையாளம் இடுகிறாள். "நான் இன்னைக்கு வெளிய போகல." ஓஸ்தாப் வாசலில் இருக்கும் தண்ணீர்க் கேனைத் தூக்கிப் பார்க்கிறான். காலி. அதையும் எடுத்துக்கொண்டு படி இறங்குகிறான்.