ஓர் இலை வீடு

தையல்சிட்டு மங்கா ஒரே ஒரு பூவரச இலையைப் பறிக்காமலே சுருட்டி, ஓரத்தைப் பஞ்சு நூலால் தைத்து வீடாக்கியிருந்தாள். உள்ளே மூன்று குஞ்சுகள்.

“என்ன சித்தி, இது வீடா, சட்டைப்பையா? இன்னும் நாலு இலையைச் சேர்த்து நெருக்கமாகத் தைக்கக் கூடாதா?” என்று கேலி செய்தது அணில்.

“இதுவே போதும்டா. அதிகம் குத்தினால் இலை காய்ந்துவிடும்” என்றாள் மங்கா.

ஒருநாள் தோட்டக்காரர் கத்தரியோடு வந்தார். காய்ந்த இலைகளையெல்லாம் நறுக்கிக்கொண்டே வந்தவர், மங்காவின் வீட்டருகே நின்றார். குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை.

நாலே தையல் போட்ட இலை பச்சைப்பசேலென்று இருந்தது. கத்தரி அடுத்த கிளைக்குப் போனது. மங்காவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அணில் மெல்ல இறங்கி வந்தது. “சித்தி, எனக்கும் ஓர் இலையில் தைத்துக் கொடுங்களேன். வால் வெளியே இருந்தாலும் பரவாயில்லை.”