ஒரு பிடி கலப்பு

“அப்பா, நம்மாத்து சீரகச் சம்பாவுல வேற அரிசி கலந்திருக்கு,” என்றாள் மீரா ஃபோனில். நெல் ரகங்களை டி.என்.ஏ. பார்த்து அடையாளம் காணும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. பழகிப் பார்ப்பதற்காக வீட்டு அரிசியில் கொஞ்சம் எடுத்துப் போயிருந்தாள்.

கல்யாணராமன் மிச்சத்தைக் கேட்கவில்லை. கிழக்கேகோட்டை வீட்டிலிருந்து ஆரியசாலை அரிசிக்கடைக்கு விறுவிறுவென நடந்தார்.

“பெருமாளுக்கு நைவேத்தியம் பண்ற அரிசின்னு தெரிஞ்சும் கலப்பியாய்யா?”

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் தங்கபாண்டி தலைகுனிந்து, “கலந்தது நெசந்தான் சாமி,” என்றார்.

மாலையில் மீரா வந்ததும் கல்யாணராமன் பெருமையாகச் சொன்னார்: “திருடன், அவனே ஒத்துண்டான்.”

“சொல்லி முடிக்கறதுக்குள்ள ஃபோனை வச்சுட்டேளேப்பா. கலந்திருக்கறது வயநாட்டு கந்தகசாலா அரிசி. பாக்க ஒண்ணுபோல இருக்கும், விலைதான் கூடுதல். கலந்தா அவருக்குத்தானே நஷ்டம்?”

அரிசியை நிறுத்த பிறகு, பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி, “இது பெருமாளுக்கு” என்று தங்கபாண்டி போடுவது அப்போதுதான் கல்யாணராமனுக்கு உறைத்தது. இத்தனை நாளும் அதைக் கொசுறு என்றே நினைத்திருந்தார்.

மறுநாள் கடைக்குப் போய்க் கைகூப்பினார்.

“போட்டும் சாமி. உங்கள்ட்ட கேக்காம போட்டது என் தப்புதான்,” என்ற தங்கபாண்டி, அரிசியை நிறுத்துப் பையில் கொட்டினார். “இனி கலப்பு இருக்காது.”

கல்யாணராமன் பையின் வாயை விரித்துப் பிடித்தபடியே நின்றார். தங்கபாண்டியின் கை பக்கத்து மூட்டைக்குப் போகவே இல்லை.